அடிக்காத அடி

அடிப்பதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது.

பிரம்மநாயகம் வலது கையைத் தூக்கியிருந்தான், அவ்வளவுதான். குச்சி இன்னும் கீழே இறங்கவில்லை என்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் ஹெட்ஃபோனுக்குள், இரண்டு காதுகளுக்கும் நடுவே, ஸ்நேர் டிரம் ஒருமுறை மெல்ல ஒலித்து அடங்கியது, இழுத்துக் கட்டிய ஈரத்துணியை யாரோ ஒற்றை விரலால் சுண்டியதுபோல. கையைப் பார்த்தான். அது அந்தரத்தில் நின்றது. அடித்துவிட்டுத் தூக்கியிருப்பேன், கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததில் தப்பில்லை. அவனுடைய விரல்கள் அவனிடம் எதையும் சொல்லாமல் ஆகி ஒரு வருடமாகிறது.

போன மழைக்காலம் வரைக்கும் அவன் தாராவியில் ஒரு தோல்பை பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். ஒரு காய்ச்சல் வந்தது. அது இறங்கியபோது கைகால்கள் துவண்டு கிடந்தன. மெல்ல எழுந்து நடந்தான், கையைத் தூக்கினான், விரல்களை மடக்கினான். அசைவு திரும்பி வந்தது. உணர்வு மட்டும் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. டம்ளரைப் பிடித்திருக்கிறானா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோல் வெட்டும் கத்தியை இனி அந்தக் கையில் கொடுக்க முடியாது என்று பட்டறை முதலாளி பக்குவமாகச் சொன்னார். அவன் சரி என்றான். வருத்தப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது, வருத்தம்தான் வரவில்லை. மனைவி விஜயலட்சுமி சுவரில் சாய்ந்து அழுததைக்கூட, ஓடுகிற ரயிலிலிருந்து யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைப்பயிற்சி கொடுத்த பெண், கை செய்வதைக் காது கேட்டுச் சொல்கிற மாதிரி ஏதாவது பழகுங்கள் என்றாள். விஜயலட்சுமிக்குத்தான் யோசனை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் கோயில் கொடைத் திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு டிரம்ஸ் வாசித்தவன். இந்தக் கட்டடத்தில் நிஜ டிரம் செட் வைத்தால் எல்லா மாடியும் சண்டைக்கு வந்து நிற்கும். எலக்ட்ரானிக் என்றால் சத்தம் ஹெட்ஃபோனோடு முடிந்துவிடும்.

சயானில் ஒரு கடையின் மாடியில் காலித் என்பவன் அவனை இரண்டு செட்டுகளில் மாற்றி மாற்றி உட்கார வைத்தான். காலித்தும் அவனைப்போலத் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மேடைகளில் வாசித்துக் களைத்துப்போய்க் கடையில் சேர்ந்தவன். ஒரு செட்டில் கறுப்பு ரப்பர் பேடுகள். அடித்தால் முழங்கை வரைக்கும் ஓர் அதிர்வு ஏறியது. அதைப் பிரம்மநாயகத்தால் உணர முடிந்தது. இன்னொன்றில் வெள்ளை வலையை இறுக்கி இழுத்துக் கட்டிய பேடுகள். அதில் குச்சி விழுந்ததும் தெரியவில்லை, எழும்பியதும் தெரியவில்லை. சத்தம் மட்டும் காதுக்குள் வந்தது.

“ரப்பர் கைக்கு உறைக்கும் அண்ணாச்சி. இந்த மெஷ் காதுக்கு மட்டுந்தான்,” என்றான் காலித். “எது வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க.”

கொஞ்சமாவது கைக்குத் தெரிகிறதே என்று விஜயலட்சுமி ரப்பரைத்தான் காட்டினாள். அவன் வலையை எடுத்தான். காரணம் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. எதுவும் உறைக்காமல் இருப்பது அவனுக்குச் சுகமாக இருந்தது.

இடித்துப்போட்ட குடிசைக்குப் பதிலாக அவர்களுக்குச் செம்பூரில் கிடைத்த வீடு, ஒரே அறையும் அதன் ஓரத்தில் சமையல் மேடையும். ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். நடுப்பகலிலும் டியூப் லைட் எரிந்தால்தான் முகம் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கும் இடையிலான சந்தில் எல்லா மாடிக்காரர்களும் குப்பையைப் போட்டார்கள். மழை பிடித்துக்கொண்டதும் அந்தச் சந்திலிருந்து அழுகிய காய்கறி நாற்றமும், புறா எச்சத்தின் காரமும், எங்கோ பொம்பில் கருவாடு பொரிகிற வாடையும் ஒன்றாகக் கலந்து மேலே ஏறி, ஈரம் பூத்த சுவர்களில் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அறையை விட்டுப் போகாமல் கிடந்தன. டிரம் செட்டை ஜன்னலைப் பார்க்க வைத்தார்கள். வேறு இடமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் கதவும் சமையல் மேடையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அடிக்காத அடி அப்புறமும் வந்தது. காலித்துக்குப் போன் செய்தான். பேடுகள் அதிர்வைப் பிடிப்பவை, தரை ஆடினாலும் அடி என்று எடுத்துக்கொள்ளும் என்று காலித் விளக்கினான். பழைய பாயை மடித்துக் கீழே போடச் சொன்னான். போட்டான். ஸ்நேர் அடங்கியது. காலால் மிதிக்கிற கிக் பேடு மட்டும் அடங்கவில்லை. விஜயலட்சுமி அறைக்குள் நடந்தால் அவன் காதில் கிக் டிரம் லேசாக முனகியது. டும். டும். சமையல் மேடைக்குப் போகிறாள். டும். திரும்புகிறாள். வலது குதிகாலை அவள் அழுத்தி ஊன்றுவாள் என்பது இத்தனை வருடத்தில் அவனுக்குத் தெரியாது. கோபமாக இருக்கிறாளா, களைத்திருக்கிறாளா என்பதெல்லாம் அந்த டிரம்மில் கேட்டது. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். வேண்டுமென்றே கால் மாற்றி மாற்றி நடந்து காட்டினாள். காய்ச்சலுக்குப் பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றுதான்.

அவள் தேவ்நாரில் ஒரு மசாலாக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். மத்தியானம் புறப்பட்டால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அவள் போனபின் அவன் கதவைத் தாழிட்டு உட்கார்ந்து வாசிப்பான். அப்படி ஒரு மத்தியானம், வாசித்து முடித்து, குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றச் சோம்பலாகி உட்கார்ந்திருந்தபோது கிக் முனகியது.

டும்.

கதவுப் பக்கம். டும். அப்புறம் கொஞ்சம் இந்தப் பக்கம்.

ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கொடியில் காயாத துணிகள் தொங்கின. மழையின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நடந்தால் கேட்க வேண்டுமே, இவ்வளவு சின்ன அறையில். அவன் மறுபடி மாட்டிக்கொண்டான். டும். டும். அவசரமில்லாத நடை. சமையல் மேடை வரை போய், நின்று, திரும்பி வந்தது. மேல்மாடியில் யாராவது நடப்பார்கள், அதிர்வு சுவர் வழியாக இறங்கும் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். மேல்மாடி வீடு பூட்டிக் கிடப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பதறவில்லை. பதற்றம் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு டி.வி.போல ஓடிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்துக் கீழ்வீட்டு ஷரீஃபுன்னிசா படியேறி வந்தாள். வாசலிலேயே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். டிரம்மைப் பற்றிய புகார் என்றுதான் அவன் நினைத்தான்.

“தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. நீங்க அடிக்கும்போது ஒண்ணும் கேக்கல. நிப்பாட்டுன பொறவுதான். ஏக்தம், சரியா எங்க மண்டைக்கு மேல, ஒரு ஆளு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க மாதிரி.”

கால் மரத்துப்போகாமல் இருக்க நடக்கிறேன் என்று பொய் சொன்னான். இனிமேல் பார்த்து நடக்கிறேன் என்றான். அவள் தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. அவன் தோளுக்கு மேலாக அறைக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். விஜி இன்றைக்கு வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டாள். போயிருக்கிறாள் என்று அவன் சொன்னதும் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப்போனாள்.

அந்த நாட்களில்தான் அவன் வாசிப்பு நன்றாக ஆனது. இளம் வயசிலேயே பிடிபடாத இடதுகை உருட்டல் இப்போது தண்ணீர் ஓடுவதுபோல வந்தது. குச்சிகள் வெள்ளை வலைமேல் மங்கலாகத் தெரிந்தனவே தவிர, எது எங்கே விழுகிறது என்று கண் பின்தொடர முடியவில்லை. காதில் மட்டும் எல்லாம் இடம் தப்பாமல் விழுந்தன. அவன் நிறுத்த நினைத்த இடத்துக்குப் பிறகும் ஓரிரு அடிகள் தொடர்ந்தன. விஜயலட்சுமி ஒருநாள் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டு, இதைக் கொண்டுபோய்க் காலித்திடம் வாசித்துக் காட்டுங்கள் என்றாள். சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். சுவரில் உரசித் தோல் கழன்று, ரத்தம் வழிந்து சட்டையில் ஊறியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. அவள் கிள்ளிப் பார்த்தாள். முழங்கையில் கிள்ளினாள், அதற்கு மேலே கிள்ளினாள். எங்கே தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே போனாள். தோளுக்குக் கொஞ்சம் கீழேதான் அவன் தலையாட்டினான்.

மணிக்கட்டில் நின்றிருந்த மரப்பு அவ்வளவு தூரம் ஏறியிருந்தது.

அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். நடையைப் பற்றி. ஷரீஃபுன்னிசா வந்ததைப் பற்றி. விஜயலட்சுமி வாதாடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவனை நடக்கச் சொன்னாள். அவன் கதவிலிருந்து சமையல் மேடைக்கு நடந்தான். கேட்கிறது என்று கையைக் காட்டினாள். நிற்கச் சொன்னாள். நின்றான். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

“நிக்கீங்களா?”

“நிக்கேன்.”

“நெசமாவே நிக்கீங்களா?”

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, உடைந்துவிடக்கூடிய பொருளைப்போல மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளங்கைகளைப் புடவையில் தேய்த்தாள். நாளைக்கே இதைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றாள். காலித்துக்குப் போன் போட்டு, மறுநாள் கடை வேலை முடிந்ததும் டெம்போவோடு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். காலித் காரணம் கேட்டபோது, இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் கிளம்பும்போது, அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுவதாகவும், அதுவரை அதைத் தொட வேண்டாம் என்றும் வாசலில் நின்று மறுபடி சொல்லிவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள்.

அவன் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. சந்திலிருந்து நாற்றம் ஏறி ஜன்னல் கம்பிகளில் நின்றது. டியூப் லைட் முனகியது. டிரம்மின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துவைத்த ஞாபகம் இருந்தது அவனுக்கு. வெள்ளை வலைகள் டியூப் லைட் வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தன. அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் தாங்க முடியாமல் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினால் அது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். மாட்டாவிட்டால் அது கதவருகே நிற்கலாம், கட்டில் பக்கத்தில் நிற்கலாம், குனிந்து அவன் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். குச்சிகளைத் தரையில் வைத்தான். வைத்ததைக் கண்ணால் பார்த்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல், சங்கைக் காதில் வைத்ததுபோல. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தான். போய்விட்டது என்று தோன்றியது. அது போய்விட்டதில் ஆச்சரியமாக ஒரு சின்ன ஏக்கம்கூட எட்டிப் பார்த்தது.

டும்.

கட்டில் பக்கம். அவன் இப்போதுதான் எழுந்து வந்த இடம்.

டும். டும்.

முதுகுக்குப் பின்னால் வந்தது. நின்றது. அவன் திரும்பவில்லை. கழுத்தில் மூச்சு படும் என்று காத்திருந்தான். படவில்லை. பட்டிருந்தாலும் தெரிந்திருக்குமா என்று யோசித்தான். கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. கை மேலே வரவில்லை.

ஸ்நேரில் ஒரு உரசல். நகத்தால் வலைமேல் வட்டம் போடுகிற சத்தம். மெதுவாக. சுற்றிச் சுற்றி. அவன் பார்த்தான். வெள்ளை வலை ஒரு இடத்தில் குழிந்திருந்தது. விரல்நுனி அளவு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு கையை முழுதாக அதன்மேல் வைத்து யாரோ சாய்ந்திருக்கிறார்கள்.

பிறகு குழிகள் மறைந்தன.

வாசிப்பு ஆரம்பித்தது.

அந்த உருட்டல்தான். விஜயலட்சுமி பாராட்டிய அதே உருட்டல், தண்ணீரைப்போல. அவன் உடனே தரையைப் பார்த்தான். குச்சிகளைக் காணவில்லை. பாயின்மேல் இல்லை. ஸ்டூலுக்கு அடியில் இல்லை. கண்ணை மேலே கொண்டுவந்தான்.

அவன் கையில் இருந்தன.

அவனுடைய கைகள் வாசித்துக்கொண்டிருந்தன.

எப்போது எடுத்தன என்று தெரியாது. எப்போது தூக்கின என்று தெரியாது. தோள் வரைக்கும் எதுவும் தெரியவில்லை. நிறுத்து என்று நினைத்தான். நிற்கவில்லை. எழுந்திருக்க நினைத்தான். இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. ஹெட்ஃபோனை உதறித் தள்ளத் தலையை ஆட்டினான். தலை ஆடியதா என்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதை மட்டும் பார்க்க முடிந்தது.

வெளியே சாவி திரும்பியது அவனுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் கதவு திறப்பது நிழலாகத் தெரிந்தது. விஜயலட்சுமி. குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அவன் முன்னால் வந்தாள். வாய் அசைந்தது. திட்டவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியாக ஒருமுறை வாசித்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பாள். டீ குடிப்பதுபோலக் கையைக் காட்டிக் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். நாக்கு அசையவில்லை. பிடரியிலிருந்து உதடு வரைக்கும் எல்லாம் அடங்கிப்போயிருந்தது. கண்ணை மட்டும் உருட்டினான். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனாள்.

டும். டும். அவள் நடை. வலது குதிகால் அழுத்தம்.

டும். அது அவளுடையதில்லை.

அவள் கால் எடுத்த இடத்தில் அது கால் வைத்தது. அவள் நின்றபோது நின்றது. அவனைவிட்டு அது விலகிப் போவதை அவன் கேட்டான். அவனுடைய கைகள் நிற்கவில்லை. அது போன பிறகும் நிற்கவில்லை.

விஜி, என்றான். உள்ளுக்குள் மட்டும்.

இஞ்சி தட்டியது கேட்கவில்லை, வாசனை வந்தது. பால் பொங்குகிற வாசனை வந்தது. சமையல் மேடையருகே இரண்டு நடைகளும் ஒரே இடத்தில் நின்றிருந்தன. நெடுநேரம் நின்றிருந்தன. பிறகு ஒன்றாகத் திரும்பின. டும். டும். இப்போது இரண்டும் ஒரே சமயத்தில் விழுந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

அவள் சுற்றிக்கொண்டு அவன் எதிரே வந்தாள். டம்ளரில் ஊற்றாமல் டீ கொதித்த பாத்திரத்தையே தூக்கி வந்திருந்தாள். கைப்பிடித் துணி இல்லை. இடுக்கி இல்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அலுமினியப் பாத்திரத்தின் அடியைச் சுற்றி அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே டீ இன்னும் கொதித்து நுரைத்தது. ஆவி அவள் முகத்தில் அடித்தது. விரல்களின் ஓரங்கள் சிவந்து, வெளுத்து, தோல் சுருங்கிக்கொண்டிருந்தன. அவளோ அவனைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ கேட்டாள். பதில் வராததால், இன்னும் பக்கத்தில் வந்து, பாத்திரத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, அதையே மறுபடி கேட்டாள்.